சளி கொடுத்த சேரியும் கணக்கு எழுதிய கைகளும்

காசநோய் ஆராய்ச்சியில் பயிற்சி எடுக்கும் ஒரு முதுகலை மாணவரோ முனைவர் பட்ட மாணவரோ முதலில் கற்றுக்கொள்வது கதவைத் தட்டுவது. வீட்டுக்கு எண் போடுவது, குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுதுவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா என்று கேட்பது, எக்ஸ்ரே வண்டி நிற்கும் இடத்துக்கு ஆட்களை அழைத்துப் போவது, மூடி போட்ட சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து "எச்சில் வேண்டாம்மா, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேணும்" என்று விளக்குவது. கணினியும் புள்ளியியலும் ஆய்வேடும் இதற்குப் பிறகுதான்.

இந்தத் துறைக்கு எபிடெமியாலஜி என்று பெயர். தமிழில் நோய்ப்பரவலியல் என்கிறோம். யாருக்கு, எங்கே, எப்போது, ஏன் நோய் வருகிறது என்று கேட்கிற அறிவியல் இது. மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார், நோய்ப்பரவலியலாளர் ஒரு ஊரையே பார்க்கிறார். ஊர் என்று சொன்னவுடனே நமக்கு அடுத்த கேள்வி வந்துவிடும். ஊரா, சேரியா?

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். பொது சுகாதாரம், சமூகப்பணி, சமூகவியல், உயிரியல் படிக்கும் நம் தம்பி தங்கைகள் பலர் இப்போது இந்தப் பக்கம் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் நுழையும் வீட்டின் அஸ்திவாரம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே எண், இரண்டு வாசிப்பு

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். நோய் பரம்பரையாக வருகிறது என்ற பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1896இல் அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் ஹாஃப்மன் என்ற காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளர் ஒரு நூல் வெளியிட்டார். கறுப்பின மக்கள் காசநோயில் அதிகமாகச் சாகிறார்கள், அதற்குக் காரணம் அவர்களுடைய இனக்கூறு என்பதுதான் அதன் வாதம். கறுப்பர்களுக்குக் காப்பீடு மறுக்க அந்தக் கணக்கு வசதியாக இருந்தது.

அதே 1896இல் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் என்ற இளைஞர் ஃபிலடெல்ஃபியா நகரத்துக்கு வந்து சேர்ந்தார். முந்தைய ஆண்டுதான் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். இவ்வளவு இருந்தும் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்தது ஓர் உதவியாளர் பதவி மட்டும்தான், வகுப்பெடுக்க விடவில்லை. அவர் நகரத்தின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கினார். எத்தனை அறை, எத்தனை பேர், என்ன வேலை, என்ன வாடகை என்று எழுதினார். 1899இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. கறுப்பர்களிடையே காசநோய்ச் சாவு அதிகம் என்பதை அவர் மறைக்கவில்லை. காற்று வராத வீடு, கடின உழைப்பு, பற்றாத கூலி என்று காரணத்தை வாழ்நிலையில் தேடினார். 1906இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது உடல்நலம் பற்றித் தனி ஆய்வே நடத்தி ஹாஃப்மன் வாதத்துக்குப் பதில் சொன்னார்.

எண்ணில் இருவருக்கும் பெரிய சண்டை இல்லை. அந்த எண்ணை யார் வாசிக்கிறார், எங்கே நின்று வாசிக்கிறார் என்பதில்தான் சண்டை. அந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து பேசிய ஓர் ஆய்வாளர் வந்த பிறகுதான் அந்தக் கணக்கின் பொருள் மாறியது. ஆய்வுப் பயிற்சிக்கு நம் பிள்ளைகள் ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை.

இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காசநோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவருக்கு நோய் வரும் ஆபத்து எவ்வளவு என்பதை ஆண்டுக்கணக்கோடு பெருக்கிப் பார்க்கும் முறையை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்ட். இன்றும் மாணவர்கள் அந்த முறையைப் படிக்கிறார்கள். 1933இல் வெளியான அவருடைய கட்டுரையில் உள்ள குடும்பங்கள் யாருடையவை? டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்போர்ட் என்ற ஊரின் கறுப்பினக் குடும்பங்கள். சூத்திரத்துக்குப் பேராசிரியரின் பெயர் இருக்கிறது. இருமியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

அடித்தளத்தில் ஒரு மாணவன்

ஆய்வு மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. காசநோய்க்கு எதிராக வேலை செய்த முதல் ஆன்டிபயாடிக் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். 1943இல் அதைப் பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் ரட்கர்ஸில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ். ஏழை விவசாயக் குடும்பத்துப் பையன். காசநோய்க் கிருமியைக் கையாளும் வேலை என்பதால் அவருக்குக் கட்டடத்தின் அடித்தளத்தில் தனி ஆய்வகம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1944இல் வந்த முதல் கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. அடுத்து எலிசபெத் பூகி, கடைசியில் வழிகாட்டி செல்மன் வாக்ஸ்மன். ஆனால் புகழ் முழுவதும் வழிகாட்டிக்குப் போனது. ஷாட்ஸ் வழக்குப் போட்டார். 1950இல் ஏற்பட்ட உடன்பாட்டில் அவரும் கண்டுபிடித்தவர் என்று ஏற்கப்பட்டது. அப்படியும் 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது.

வெள்ளைக்கார நாட்டில், வெள்ளைக்கார மாணவனுக்கே இந்த நிலை. சாதி பார்க்கும் வழிகாட்டியின் கீழ் படிக்கும் மாணவரின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

சென்னை, 1956

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1955 முதல் 1958 வரை இந்தியாவில் காசநோய்க்கான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நடந்தது. காசநோய் நகரத்து வியாதி என்ற நம்பிக்கையை அது உடைத்தது. கிராமத்திலும் ஏறக்குறைய அதே அளவு நோய் இருந்தது. அத்தனை பேருக்கும் படுக்கை தர நாட்டில் சானடோரியங்கள் இல்லை. அன்றைய சிகிச்சை முறைப்படி காசநோயாளி மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்து ஓய்வெடுக்க வேண்டும், சத்தாகச் சாப்பிட வேண்டும், நல்ல காற்று வாங்க வேண்டும். கூலிக்காரன் எங்கே போவான்?

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான்.

நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறுபாதி வீட்டிலேயே இருந்தது. இருவருக்கும் ஒரே மாத்திரை, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடிசைகளில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், முடிந்தபோது வேலைக்கும் போனார்கள். 1959இல் முடிவு வெளியானது. சளியில் கிருமி அற்றுப்போவதில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் உடனிருந்தவர்களை ஐந்தாண்டு கவனித்ததில், நோயாளி வீட்டில் இருந்ததால் கூடுதலாகத் தொற்று பரவியதாகவும் தெரியவில்லை.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். ஏழைக்கு வீட்டிலேயே சிகிச்சை கிடைக்கும் என்று நிரூபித்த ஆய்வு இது. அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் உணவு பெரிய பொருட்டல்ல என்ற வாசகம் இதிலிருந்து கிளம்பிப் பாடப்புத்தகம் ஏறியது. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, மாத்திரை கொடுத்தால் சளியில் கிருமி போகிறதா என்பது. பட்டினியால்தான் இவருக்கு நோய் வந்ததா, பட்டினியோடு இருந்தால் இவர் பிழைப்பாரா, இவருடைய பிள்ளைகளுக்கு நாளை வருமா என்பவை வேறு கேள்விகள். ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை வேறு கேள்விகளுக்கும் ஒட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் காசநோயாளியின் தட்டு அரசுத் திட்டத்தின் கண்ணில் படவே இல்லை. மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2018இல்தான் வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ஆனது.

துமகூரு சொன்னது

1959இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. மாவட்டக் காசநோய்க் குழுக்களுக்கு நாடு முழுவதற்கும் பயிற்சி கொடுத்த இடம் அது. அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் தேபபர் பானர்ஜி. மருத்துவமும் மானுடவியலும் படித்தவர். அவரும் ஸ்டிக் ஆண்டர்சனும் துமகூரு மாவட்டக் கிராமங்களில் ஒரு வேலை செய்தார்கள். கணக்கெடுப்புக் குழு எக்ஸ்ரேயும் சளியும் எடுத்து நோயாளிகளைக் கண்டுபிடித்திருந்தது. அந்த நோயாளிகளிடம் போய், "உங்களுக்கு என்ன செய்கிறது, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று விசாரித்தார்கள்.

அந்தக் காலத்து அதிகாரிகளின் நம்பிக்கை, கிராமத்தானுக்கு நோய் வந்திருப்பதே தெரியாது, சொன்னாலும் வரமாட்டான் என்பது. 1963இல் வெளியான முடிவு அதைத் தலைகீழாக்கியது. சளியில் கிருமி இருந்தவர்களில் 95 விழுக்காட்டினர் தங்கள் அறிகுறியை உணர்ந்திருந்தார்கள். 72 விழுக்காட்டினர் அதை நினைத்துக் கவலைப்பட்டார்கள். 52 விழுக்காட்டினர் ஏற்கெனவே மருத்துவமனை வாசலை மிதித்திருந்தார்கள். இருமல் மருந்து பாட்டிலைக் கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அறியாமை யாரிடம் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள். நோயாளியைத் தேடி அலைவதற்கு முன்னால் வாசலுக்கு வந்தவரின் சளியைப் பரிசோதி என்பதே அந்த ஆய்வின் பாடம். 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுண்ணோக்கி வைத்துச் சளி பார்க்கும் வழியை எடுத்ததில் இந்தச் சிந்தனைக்குப் பங்கு உண்டு. பானர்ஜி பிறகு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்துக்கான மையத்தை உருவாக்கி, ஒரு தலைமுறை ஆய்வு மாணவர்களை வளர்த்தார். நான் சமூகவியல் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளிலும் இந்தப் பெயரை எந்த வகுப்பிலும் கேள்விப்படவில்லை. வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். சமூகவியல் மாணவர்களே, காசநோய் ஆய்வு டாக்டர்களின் சொத்து என்று யாராவது சொன்னால் துமகூருவை எடுத்துக் காட்டுங்கள்.

செங்கல்பட்டு என்ற களம்

1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பகுதியில், பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்கு அதிக அளவு தடுப்பூசி, சிலருக்குக் குறைந்த அளவு, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. உலகிலேயே மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் ஒன்று. ஏழரை ஆண்டு கழித்து வந்த முடிவு உலகத்தை அதிரவைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர் கவனிப்பும் அதையே சொன்னது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வடிவங்களைத் தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுகிறார்கள். 1999இல் இதே திருவள்ளூரில்தான் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கான மாதிரித் திட்டமும் தொடங்கியது. உலகத்தின் எந்த மூலையில் காசநோய் படிக்கும் மாணவரும் செங்கல்பட்டு என்ற பெயரைக் கடந்துதான் போக வேண்டும்.

நமக்குச் செங்கல்பட்டு என்றால் வேறொன்று நினைவுக்கு வரும். 1891இல் மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். வீடு, உணவு, நிலம், கடன் என்று அடிமைநிலையை வரிசைப்படுத்திய அறிக்கை. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைக் கேட்டுக் காரணையில் போராடியபோதுதான், 1994 அக்டோபர் 10 அன்று, ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் கொல்லப்பட்டார்கள்.

ஆக, ஒரே மாவட்டத்துக்கு இரண்டு ஆவண வரிசைகள். ஒன்று நிலத்தையும் சாதியையும் பேசுகிறது, மற்றொன்று நுரையீரலைப் பேசுகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்கும் பழக்கம் நம் ஆய்வுலகத்தில் வளரவில்லை. நாம் படிக்கும் செங்கல்பட்டு முடிவுகளில் வயது இருக்கிறது, பாலினம் இருக்கிறது, ஊசியின் அளவு இருக்கிறது. ஊர் – சேரி இல்லை. தோல் பதனிடும் இடத்தில், கல்குவாரியில், செங்கல் சூளையில், சாக்கடையில் வேலை செய்பவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். குவாரித் தூசியால் சிலிக்கோசிஸ் வந்தால் காசநோய் ஆபத்து கூடும் என்பதும் மருத்துவ உலகத்துக்குத் தெரியும். தெரிந்த இரண்டையும் கோடு போட்டு இணைக்க வேண்டியதுதான் பாக்கி.

கோடு போடப் போகிறவர் யார்?

2005-06 முதல் தலித், பழங்குடி ஆய்வு மாணவர்களுக்குத் தேசிய அளவிலான ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்கள் காசநோய் உள்ளிட்ட எந்தத் துறையிலும் முனைவர் பட்டம் செய்ய அது வழி திறந்தது. ஆனால் உதவித்தொகை வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. விடுதியில் ஒதுக்கிவைப்பதிலிருந்து தேர்விலும் ஆசிரியர்களின் நடத்தையிலும் காட்டப்படும் பாகுபாடுவரை அதில் இருக்கிறது. நாட்டின் முதல்நிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தின் கதை அது. ரோஹித் வெமுலா 2016இலும் மருத்துவ மேற்படிப்பு மாணவி பாயல் தட்வி 2019இலும் நம்மை விட்டுப் போனார்கள்.

இதை இங்கே எழுதுவது உங்களைப் பயமுறுத்துவதற்கு அல்ல. ஆய்வுக் கேள்வியை முடிவு செய்யும் மேசையில் நம் ஆட்கள் இல்லாததால் மக்களுக்கு என்ன நட்டம் என்பதைப் பார்ப்பதற்கு. களப்பணியில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சளி டப்பா தூக்குபவர், வீடு காட்டுபவர், ஆய்வகத்தைக் கழுவுபவர் என்று. கேள்வித்தாளை எழுதும் இடத்தில்தான் குறைவு.

கேள்வி மாறினால் பதில் மாறும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று. 2023இல் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. ஆதிவாசி மக்கள் பெருமளவில் வாழும் பகுதி அது. நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேரைச் சேர்த்து, ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மட்டும் கூடுதல் உணவுப்பொருள் கொடுத்தார்கள். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது, நுரையீரல் காசநோய் மட்டும் எடுத்தால் 48 விழுக்காடு. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்குச் சாவு ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. பருப்பும் அரிசியும் தடுப்பூசி போல வேலை செய்தன. 1956இல் கேட்காமல் விட்ட கேள்விக்கு அறுபத்தேழு ஆண்டு கழித்துப் பதில் வந்தது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தையும் படியுங்கள். நோய் கண்டறிந்தவுடனே உடல் மிக மெலிந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கும் முறை அது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இதில் பங்கு வகிக்கிறது. பொது சுகாதார முதுகலைப் படிப்பும் அங்கே இருக்கிறது. படிக்க விரும்புகிறவர்கள் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

படிக்கப் போகிறவர்களுக்கு

முதலாவது, கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் போதாது. 2019-21 தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் சிகிச்சை தேடவில்லை என்று வந்தது. துமகூருவில் 52 விழுக்காட்டினர் தேடிப் போனார்களே, அப்படியானால் மக்கள் பின்னோக்கிப் போய்விட்டார்களா? அவசரப்படாதீர்கள். துமகூருவில் எண்ணப்பட்டவர்கள் கிருமி உறுதியானவர்கள். பின்னதில் எண்ணப்பட்டவர்கள் அறிகுறி சொன்ன எல்லோரும். இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. இந்த வித்தியாசம் கண்ணில் படுவதற்குத்தான் பயிற்சி. நம் வாதத்துக்குச் சாதகமான எண்ணாக இருந்தாலும் இதே கண்டிப்போடு பாருங்கள். ஹாஃப்மனுக்கு டு பாய்ஸ் பதில் சொன்னது முழக்கத்தால் அல்ல, வீடு வீடாகச் சேர்த்த கணக்கால்.

இரண்டாவது, உங்கள் கேள்வித்தாளில் சாதியையும் தொழிலையும் குடியிருப்பையும் சேர்க்கச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். "அதெல்லாம் மருத்துவத்துக்குத் தேவையில்லை" என்று பதில் வந்தால், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சாதியைக் கேட்கிறது என்று சொல்லுங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை. சாதியைப் பதிவது நோயைச் சாதியின் குணமாகக் காட்டுவதற்கு இல்லை. அது ஹாஃப்மன் போன பாதை. காற்றும் கூலியும் தட்டும் யாருக்கு மறுக்கப்பட்டன என்று காட்டுவதற்கே அந்தக் கட்டம்.

மூன்றாவது, முடிவைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆய்வுக்கட்டுரை ஆங்கிலத்தில் வரும், பணம் கட்டினால்தான் திறக்கும் இதழில் வரும். சளி கொடுத்த பாட்டிக்கு அது எந்தக் காலத்திலும் போய்ச் சேராது. காலனி மரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்து, "உங்க தெருவுல இத்தனை பேரைப் பார்த்தோம், இது தெரிஞ்சுது, இதை வச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துல இதைக் கேளுங்க" என்று தமிழில் சொல்வதற்கு எந்த நெறிமுறைக் குழுவும் தடை போடாது. நோயாளிகளின் பெயரை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள். காசநோய் என்று தெரிந்தால் டீக்கடையில் தனி டம்ளர் வைக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. தனி டம்ளரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான்காவது, தனியாகப் போகாதீர்கள். வழிகாட்டி நெருக்கடி கொடுத்தால் பதிவு செய்து வையுங்கள், மூத்த ஆய்வாளர்களிடம் பேசுங்கள், ஆய்வேட்டில் உங்கள் உழைப்புக்கு உரிய பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஷாட்ஸுக்கு நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அவர் போனதால்தான் இன்று அந்தப் பெயர் நமக்குத் தெரிகிறது.

எக்ஸ்ரே வண்டி அடுத்த மாதமும் ஏதோ ஒரு காலனிக்குள் நுழையும். அதிலிருந்து இறங்கிக் கேள்வித்தாளோடு வருகிறவர் அந்தக் காலனிப் பெண்ணாகவே இருக்கட்டும். கேள்விகளையும் அவளே எழுதியிருக்கட்டும்.